மனைவியிடம் மட்டும் சொல்லலாம்

போன வாரம் மெக்கானிக்கை வக்கீலம்மாவின் ஆபீஸ் மாடிப்படியில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். மனிதர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். லிஃப்ட் இருக்கிற கட்டிடம்தான். ஆனால் அந்த விபத்துக்குப் பிறகு அவர் எந்த லிஃப்டிலும் கால் வைப்பதில்லை. வாழ்நாள் முழுக்க லிஃப்டைத் தூக்கி நிறுத்திய ஆள், இப்போது மாடிப்படியில் மூச்சு வாங்குகிறார்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு துணிக்கடைக் கட்டிடத்தில் லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டு இவர் கிளம்பிப் போனார். அன்று சாயங்காலம் அந்தக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண், துணிக்கட்டு ஏற்றிய தள்ளுவண்டியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் நுழையப் போனாள். கதவு திறந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. விழுந்தவள் பிழைக்கவில்லை. மெக்கானிக்கின் மேல் வழக்கு, இப்போது ஜாமீனில் இருக்கிறார். வீட்டில் கூட இருப்பது ஒரே மகள், கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அப்பா வைத்த செல்லப்பெயர் வாலு. மனைவி சில வருடங்களாகத் தனியே இருக்கிறார்.

சரி, மெக்கானிக் மூச்சு வாங்கி முடித்துவிட்டார். உள்ளே போவோம்.

வக்கீலம்மாவின் மேஜையைச் சுற்றி எட்டு நாற்காலிகள். அவருக்கு வேண்டியவர்கள் என்று யாரும் அவற்றில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் கேஸ்காரர்கள்தான்.

"லிஃப்ட் வேலை செய்யுதே, அதுல வர வேண்டியதுதானே?"

"நடந்தா உடம்புக்கு நல்லது மேடம்."

"எங்க டாக்டரும் அதையேதான் சொல்றாரு. ஆனா அவரு லிஃப்ட்லதான் போறாரு. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். வக்கீலம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நம்ம கேஸோட உயிரே அந்த வயர்லதான் இருக்கு."

அது என்ன வயர் என்று தெரியாவிட்டால் இந்தக் கதை புரியாது. கதவு சரியாகப் பூட்டாவிட்டால் லிஃப்ட் நகரக் கூடாது. அதற்காகவே ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. பழுது பார்க்கும்போது மட்டும் ஒரு சின்ன வயர் துண்டைச் செருகி, கதவு பூட்டியிருப்பதாக லிஃப்டை ஏமாற்றுவார்கள். வேலை முடிந்ததும் அதை உருவிவிட வேண்டும். அன்று யாரோ உருவவில்லை.

"உங்க கூட வேலை பார்த்தவங்க போலீஸ்கிட்டயே சொல்லியிருக்காங்க. நீங்க அந்த வயர்ல உங்க வண்டிச் சாவியைக் கட்டி வெச்சுட்டுத்தான் வேலை செய்வீங்களாம். வயரை உருவாம சாவி வராது, சாவி வராம வண்டி கிளம்பாது. எவ்வளவு நல்ல பழக்கம்! லிஃப்ட்ல கிடைச்ச வயர்ல சாவியும் இல்ல, சாவி கட்டின முடிச்சும் இல்ல. அப்ப அது உங்க வயர் இல்ல. அந்தக் கட்டிடத்துக்குன்னு ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கான், அவன் கை வைக்காத கரண்ட் பெட்டி கிடையாது. சரிதானே?"

மெக்கானிக் மேஜை விளிம்பைத் தடவினார். "வயர் எல்லாம் ஒரே மாதிரிதான் மேடம் இருக்கும்."

வக்கீலம்மா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு இடம் இடிக்குது. உங்க பொண்ணைச் சாட்சியாக் கூப்பிடப் பார்க்கறாங்க. அன்னிக்கு மத்தியானம் அவ உங்களுக்கு ஃபோன் பண்ணியிருக்கா."

"அது வீட்டு விஷயம் மேடம்." பிறகு குரல் இறங்கியது. "பெத்த பொண்ணையே அப்பனுக்கு எதிரா நிறுத்துவாங்களா? சட்டம் விடுமா?"

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. ரத்த சொந்தம்னா சட்டம் விட்டுடும்னு நினைப்பு. விடாது. அண்ணன், தம்பி, மகன், மகள் யாரா இருந்தாலும் கூண்டுல ஏத்தினா, தெரிஞ்சதைச் சொல்லித்தான் ஆகணும். உங்களுக்கு எதிரா உங்களையே பேச வைக்க முடியாது. நீங்க என்கிட்ட சொன்னதை நான் வெளியில விடக் கூடாது. அதுக்கு அப்புறம் ஒரே ஒரு ஆளு. உங்க சம்சாரம். புருஷன் பெண்டாட்டிகிட்ட தனியா சொன்ன வார்த்தையைக் கோர்ட்டு கேட்டு வாங்க முடியாது. அதுக்கு ஒரு பூட்டு இருக்கு."

"பொண்ணுக்குப் பூட்டு இல்லையா?"

"இல்ல. அதனாலதான் முதல் நாளே சொன்னேன், கேஸைப் பத்தி அவகிட்ட மூச்சு விடாதீங்கன்னு. விட்டீங்களா?"

"இல்ல மேடம். எதைப் பத்தியுமே விடல."

வக்கீலம்மா அவரை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். "சம்சாரத்தைச் சட்டப்படி பிரிஞ்சுட்டீங்களா?"

"அதெல்லாம் இல்ல. அவ பாட்டுக்கு அவ இருக்கா, நான் பாட்டுக்கு நான் இருக்கேன்."

"அப்ப சட்டத்துக்கு அவங்க இன்னும் உங்க சம்சாரம்தான். மனசுல ஏதாவது அடைச்சுக்கிட்டு இருந்தா அவங்ககிட்ட கொட்டுங்க. ஆனா தனியா. பக்கத்துல மூணாவது ஆளு இருந்து காதுல விழுந்துதுன்னா பூட்டு செல்லாது. முதல்ல தனியா இருக்காங்களான்னு கேட்டுக்கோங்க."

மெக்கானிக் தலையாட்டிவிட்டு எழுந்தார். வக்கீலம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி, "உங்களுக்காவது ஒரு ஆளு இருக்கு, போய்ட்டு வாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கதவு மூடியதும் அந்த எட்டு நாற்காலிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

வக்கீலிடம் உண்மையைச் சொல்லலாம். வக்கீல் முன்னால் அழ முடியுமா? அதுதான் மெக்கானிக்கின் பிரச்சினை. உண்மையைச் சொன்னால் அழுகையும் கூடவே வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் இரண்டையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் இல்லை. இருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. கைதானதிலிருந்து அந்த வீட்டில் புழங்கிய வார்த்தைகளை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். தண்ணி வந்துச்சா. வந்துச்சு. கேஸ் சிலிண்டர் தீர்ந்துடுச்சு. சொல்லிட்டேன். அவள் ஏதாவது ஆரம்பித்தால் இவர் எழுந்து குழாயை மூடப் போய்விடுவார், மூடியிருக்கிற குழாயை.

வாசல் பக்கத்து ஆணியில் வண்டிச் சாவி தொங்கியது. அதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

*

அந்த நேரத்தில் வாலு அம்மாவின் அறையில் இருந்தாள்.

அம்மா சீருடை தைக்கிறவர். ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், சுவரோரம் வெட்டி அடுக்கிய துணி, நடுவில் ஒரு ஆள் படுக்க இடம். அந்த இடத்தில்தான் வாலு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு பண்ணலைன்னா பண்ணலைன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா. வாயில என்ன கொழுக்கட்டையா? நான் வந்தா எழுந்து போயிடறாரு. அந்த வீட்டுல ரெண்டு பீரோ நிக்கற மாதிரி நிக்கறோம்."

"உங்கப்பா எப்ப பேசியிருக்காரு? கல்யாணமான புதுசுல, வாய் பேச முடியாதவரைக் கட்டி வெச்சுட்டாங்களோன்னு நான் பயந்தே போயிட்டேன்." அம்மா ஊசியில் நூலைக் கோத்தார். "சண்டை போட்டா நான் வந்தேன்? சண்டை போடறதுக்கும் ரெண்டு பேர் பேசணுமே."

"பண்ணியிருப்பாரு. அதான் பேச மாட்டேங்கறாரு."

மெஷின் நின்றது. "அப்படிச் சொல்லாதே."

ஃபோன் அடித்தது. அது எப்போதும் போல நூல்கண்டு டப்பாவின் மேல் சாய்ந்திருந்தது. திரையில் பெயர் இல்லை, எண் மட்டும். பெயரை அம்மா எப்போதோ அழித்துவிட்டார். எண்ணை என்ன செய்வது, அது மனப்பாடம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்குக் கால் பெடலில், கை இரண்டும் துணியில். ஃபோனைக் காதில் வைத்தால் தையல் கோணிவிடும். அதனால் யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கர்தான். பள்ளிக்கூடத்து ஆட்களுக்கு, பட்டன் கடைக்காரருக்கு, எல்லோருக்கும் அது தெரியும். தெரியாத ஒரே ஆள் புருஷன். அவர்கள் ஒன்றாக இருந்த காலத்தில் அம்மா தையல் மெஷினே வாங்கியிருக்கவில்லை.

பழக்கத்தில் விரல் ஸ்பீக்கரை அழுத்தியது.

"நான்தான்."

"தெரியுது."

மெக்கானிக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஞாபகம் இருந்தது. தனியா இருக்கியா? நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தனியே போய்விட்ட மனைவியிடம் அதைக் கேட்டால் என்ன பதில் வரும்? யாரால தனியா இருக்கேன் என்று வரும்.  கேள்வியை விழுங்கிவிட்டார்.

"உன்கிட்ட மட்டும்தான் சொல்லலாமாம். வக்கீலம்மா சொன்னாங்க. பெண்டாட்டிகிட்ட சொன்னா கோர்ட்டு கேக்காதாம். நீ நடுவுல எதுவும் பேசாதே. பேசினா என்னால சொல்ல முடியாது."

அம்மாவின் கை ஃபோனை நோக்கிப் போனது. வாலு அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கெட்டியாகத்தான் பிடித்தாள். இத்தனை நாள் மூடிய குழாயைத் திரும்பத் திரும்ப மூடிய மனிதர் வாயைத் திறக்கிறார், விடுவாளா?

"அது என் வயர்தான்."

வாலுவின் பிடி இறுகியது.

"சாவி இல்லாததுனால என் வயர் இல்லைன்னு வக்கீலம்மா சந்தோஷமா இருக்காங்க. அன்னிக்கு என்கிட்ட சாவியே இல்ல. காலையில வாலு ஏதோ இன்டர்வியூன்னு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டா. நான் குளிச்சுட்டு வந்து பார்த்தா ஆணி காலியா இருக்கு. சரி, போகட்டும், குழந்தை அவசரத்துல இருக்கான்னு பஸ்ல போனேன். சாவி இல்லாம வெறும் வயரைச் செருகி வேலை பார்த்தேன். உருவிடுவோம், நமக்குத் தெரியாததான்னு ஒரு நினைப்பு. நடுவுல அவ ஃபோன் பண்ணினா. வண்டி நின்னு போச்சுப்பா, எங்கயோ மாட்டிக்கிட்டேன்னு அழறா. நான் பெட்டியை மூடிட்டு ஓடினேன். உருவிட்டேன்னுதான் நினைச்சேன். சத்தியமா உருவிட்டேன்னுதான் நினைச்சேன்."

அவர் அழுதுகொண்டிருந்தார். அம்மா அதுவரை அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

"சாவிதான் எனக்குக் கடிவாளம். சாவி இருந்திருந்தா வண்டிகிட்ட போனதுமே திரும்பி ஓடியிருப்பேன். ஆனா தப்பு சாவி மேல இல்ல, குழந்தை மேலயும் இல்ல. கை என்னோடது. அந்தக் கடைப் பொண்ணுக்கும் நம்ம வாலு வயசுதான் இருக்கும்."

"அவங்க வீட்டுக்குப் போனீங்களா?" அம்மாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போகக் கூடாதுன்னுட்டாங்க. போனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். இப்ப அந்த எலக்ட்ரீஷியன் பக்கம் திருப்பறாங்க. நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். என்னை உள்ள போட்டாக்கூட பரவாயில்ல. நிஜத்தைச் சொன்னா, அன்னிக்கு ஏன் சாவி இல்லன்னு கேப்பாங்க. வாலுவுக்குத் தெரிஞ்சுடும். தான் வண்டியை எடுத்ததுனாலதான் ஒரு உயிர் போச்சுன்னு அவ நினைச்சுட்டா, அதுக்கப்புறம் அவ மனுஷியா இருப்பாளா? அதான் அவகிட்ட பேசறதே இல்ல. பேச்சுல எங்கயாவது வழுக்கிடுமோன்னு பயம். என் பொண்ணோட பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா உனக்கு?"

அம்மாவுக்குத் தெரியும். அவரோடு புருஷன் பேசியும் வெகு நாளாயிற்று.

"சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ம்." மூக்கை உறிஞ்சினார். "லேசா இருக்கு. வெச்சுடறேன்."

வாலு மணிக்கட்டை விட்டாள். விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது.

"நான் எடுத்ததுனாலயா?"

"இல்ல." அம்மா யோசிக்காமல் சொன்னார். யோசித்திருந்தால் வாலு நம்பியிருக்கக்கூடும். "நீ இன்னிக்கு இங்க வரவே இல்ல. எதுவும் கேக்கல. புரியுதா?"

"கேட்டுட்டேனே."

"கேக்கலைன்னு சொல்லிடு."

"சரி. அந்த எலக்ட்ரீஷியன்?"

அம்மா மெஷின் பக்கம் திரும்பினார். மெஷினில் பாதி தைத்த ஒரு சட்டைக் கை இருந்தது. அதை எடுத்தார், எந்தப் பக்கம் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் வைத்துவிட்டார்.

*

வக்கீலம்மா கிளம்புகிற நேரத்தில் வாலு வாசலில் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே அவர் கையை உயர்த்தினார்.

"உள்ள வாம்மா. உக்காரு, தண்ணி குடி. கேஸைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே. நான் உங்கப்பாவுக்கு வக்கீல், உனக்கு இல்ல. நீ என்கிட்ட சொல்றதுக்குப் பூட்டு கிடையாது."

"பொதுவா ஒண்ணு கேக்கலாமா?"

"பொதுவா கேளு."

"புருஷன் பெண்டாட்டிகிட்ட பேசும்போது மூணாவது ஆளு கேட்டுட்டா?"

வக்கீலம்மா கைப்பையை மேஜையில் வைத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தொழிலில் பாதி வேலை கேட்காமல் இருப்பது. அந்தப் பாதியைத்தான் அவர் இப்போது செய்துகொண்டிருந்தார்.

"கேட்டவங்க, கேட்டதைச் சொல்லித்தான் ஆகணும்."

"கேக்கலைன்னு சொன்னா?"

"சத்தியம் பண்ணிட்டுத்தான் அதைச் சொல்லணும். அப்படிச் சொல்லுன்னு நான் உனக்குச் சொல்ல முடியாது. சொல்லாதேன்னும் நான் உனக்குச் சொல்லக் கூடாது, ஏன்னா நான் உங்கப்பாவோட ஆளு. உனக்குன்னு வேற ஒரு வக்கீலைப் பாரு. நாளைக்கே பாரு."

"அதுவரைக்கும் யார்கிட்ட பேசறது?"

வக்கீலம்மா வாயைத் திறந்தார். சட்டப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்குப் பக்கம் இல்லை.

"உனக்குக் கல்யாணம் ஆகல, இல்ல?" என்றார் கடைசியில்.

"ஆகல."

"ம்."

லிஃப்ட் வரை கூடவே வந்து பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. வாலு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மாடிப்படி பக்கம் திரும்பினாள். அவள் இறங்குகிற சத்தம் அடங்குகிற வரை வக்கீலம்மா அங்கேயே நின்றார். சாவி இல்லாத வயர் என்று மத்தியானம் தான் பூரித்துப்போனது அவர் ஞாபகத்துக்கு வந்தது.

*

வீட்டில் விளக்கு எரிந்தது. அதுவே புதுசு. இருட்டிய பிறகும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பது அப்பாவின் சமீபத்துப் பழக்கம்.

இன்று கூடம் பெருக்கியிருந்தது. மேஜையில் இரண்டு தட்டு. அப்பா முகம் கழுவி, தலை வாரியிருந்தார்.

"வாலு, வந்துட்டியா? உக்காரு. ஆறிடப் போகுது."

வாலு. அந்தப் பெயரை அவர் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று! இந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஏங்கிய ஏக்கம் எனக்கும் உங்களுக்கும் தெரியும். அழைத்துவிட்டார். மனதிலிருந்ததை மனைவியிடம் சொல்லி முடித்த மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி லேசாக நின்றுகொண்டிருந்தார். அப்பா, எனக்குத் தெரியும்ப்பா என்று சொல்லிக் கட்டிக்கொள்ள அவளுக்குத் தோன்றியது. சொன்னால் அவர் இத்தனை நாள் காத்தது எல்லாம் போச்சு. அவர் கண் முன்னாலேயே போய்விடும்.

"அம்மாவைப் பார்த்தியா?"

அவள் எழுந்து குழாயை மூடப் போனாள்.

மூடியிருந்த குழாயின் மேல் கையை வைத்தபடி நின்றபோது வாசல் மணி அடித்தது. அப்பா போய்த் திறந்தார். கோர்ட்டு ஊழியர், கையில் ஒரு காகிதம்.

"இந்த வீட்டுப் பொண்ணு இருக்காங்களா? சாட்சி சம்மன்."

அப்பா நடுங்குவார் என்று வாலு நினைத்தாள். நடுங்கவில்லை. அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, பரீட்சைக்கு எல்லாவற்றையும் படித்துவிட்டவன் மாதிரி.

"கொடுங்க, தாராளமா கொடுங்க. அவளுக்கு எதுவும் தெரியாதுங்க. இந்த விஷயத்துல நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசினது கிடையாது. ஒரே ஒரு வார்த்தை கிடையாது."

"அதைக் கோர்ட்டுல சொல்லட்டும் சார். இங்க ஒரு கையெழுத்து."

அப்பா தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "பயப்படாதே, குழந்தை. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லப்போறே, அவ்வளவுதானே? மத்ததெல்லாம் நான் பார்த்துக்கிட்டேன்."

வாலு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

ஊழியர் போனதும் அப்பா கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். நன்றாகப் பூட்டியிருக்கிறதா என்று, தொழில் பழக்கத்தில், ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.